ஆங்கிலேயக் கிராமப்புற மாளிகையைச் சாளரங்களின் வழியே படிக்கும் முறை

இங்கிலாந்தின் பழைய கிராமப்புற மாளிகை ஒன்றின் கட்டட வரலாற்றை அறிய விரும்பினால், உள்ளே நுழையும் முன் அதை ஒரு முறை முழுவதுமாகச் சுற்றி வாருங்கள். பல தலைமுறைகள் வாழ்ந்த வீட்டில், அந்தந்தக் காலத்து ரசனைக்கேற்ப முகப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பிற பக்கங்களைப் பழையபடியே விட்டுவைப்பது வழக்கம். செஷயரிலுள்ள லைம் மாளிகையில், 1720களில் கட்டடக் கலைஞர் ஜியாகோமோ லியோனி எழுப்பிய தெற்கு முகப்பு இத்தாலிய அரண்மனையை நினைவூட்டும். வடக்கே சென்றால் 16ஆம் நூற்றாண்டு அரசி முதலாம் எலிசபெத் காலத்து நுழைவாயில் நிற்கும்.

சுற்றி வரும்போது சாளரங்களின் மீதே கவனம் இருக்கட்டும். செங்குத்தான கல் சட்டங்கள் சிறு கண்ணாடிகளைத் தாங்கி நின்றால், அது பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டையோ 17ஆம் நூற்றாண்டையோ சேர்ந்த பகுதி. மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் மரச் சாளரங்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கின. கண்ணாடிகளுக்கு இடையிலான மரச்சட்டம் தடித்திருந்தால் முந்தையது, மெலிந்திருந்தால் பிந்தையது. ஆனால் பழைய சுவரில் புதிய சாளரத்தைப் பொருத்துவது எளிது என்பதால், சுற்றியுள்ள கல்லில் வெட்டி ஒட்டிய தடயம் உண்டா என்று பார்த்த பிறகே சுவரின் வயதைக் கணியுங்கள்.

அடுத்து, எந்தத் தளத்தின் சாளரங்கள் மிக உயரமானவை என்று ஒப்பிடுங்கள்; வீட்டின் சிறந்த அறைகள் அங்கேதான் இருக்கும். 1590களில் ஹார்ட்விக்கின் பெஸ் என்ற சீமாட்டிக்காக டெர்பிஷயரில் எழுந்த ஹார்ட்விக் ஹாலில் சாளரங்கள் தளந்தோறும் உயர்ந்துகொண்டே போகின்றன. பணியாளர்கள் கீழேயும், குடும்பத்தார் நடுவிலும், பெருமக்களை வரவேற்கும் கூடங்கள் உச்சியிலும் என்ற ஒழுங்கை, வாசலில் நின்றபடியே அந்தச் சாளரங்களிலிருந்து நாம் அறியலாம். கண்ணாடி மிகுந்த விலை பெற்றிருந்த அந்நாளில், வெளிச்சுவரைச் சாளரங்களுக்கே ஒதுக்குவதற்காகப் புகைபோக்கிகள் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் கொண்டுசெல்லப்பட்டன. இதைவிடத் துணிவான ஏற்பாட்டை நான் அக்காலத்து வீடுகளில் அறியேன். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலுக்காக 1722இல் நார்ஃபோக்கில் தொடங்கப்பட்ட ஹவுட்டன் ஹாலிலோ, சிறப்பு அறைகள் தரைத்தளத்திற்கு நேர் மேலே இறங்கிவிட்டன; உயரமான சாளரங்களும் அங்கேயே.

அடைபட்ட சாளரத்தைக் கண்டவுடன், வீட்டிலுள்ள சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப விதிக்கப்பட்ட சாளர வரிதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். அவ்வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மையே. எனினும் உள்ளே புகைபோக்கியோ குறுக்குச்சுவரோ வருமிடத்தில், முகப்பின் சமச்சீர் குலையாதிருக்கத் தொடக்கத்திலேயே பொய்ச் சாளரமாகக் கட்டப்பட்டவையும் பல. அடைப்புச் செங்கற்களின் நிறம், அளவு, சாந்து ஆகியவை சுற்றுச்சுவரிலிருந்து வேறுபட்டால் அது பின்னாளில் அடைத்ததாகவே இருக்கக்கூடும்.

மழைநீர்க் குழாயின் தலைப்பிலுள்ள ஈயத் தொட்டியில் ஆண்டு பொறித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கூரையைப் பழுதுபார்த்த ஆண்டாகவும் இருக்கலாம். இவ்வாறு ஒவ்வொரு பகுதிக்கும் உங்கள் கணிப்பை எழுதிவைத்த பின்னரே, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அம்மாளிகைக்குரிய பதிவைப் படித்து ஒப்பிடுங்கள்.