மென் சீஸை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையல் பழக வருகிறவர்கள் சீஸ் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், எனக்கு நன்றாகப் பழக்கமான தவறுகள் ஒவ்வொன்றாக வரும். பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும்.

எல்லா சீஸுக்கும் ஒரே கப் கணக்கு

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 8 அவுன்ஸ் கிரீம் சீஸ், அதாவது சுமார் 227 கிராம், ஏறக்குறைய ஒரு கப் வரும். சரி. ரிக்கோட்டா என்ற ஈரமான சீஸ் ஒரு கப் 250 கிராமை ஒட்டி நிற்கும், மஸ்கார்போனே என்ற கெட்டிக் கிரீம் போன்ற சீஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். இவற்றைப் பார்த்துவிட்டு, சீஸ் என்றாலே கப்புக்குக் கால் கிலோ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இவை குழைவானவை, கப்பில் இடைவெளி இல்லாமல் அடையும். ஃபெட்டாவை உதிர்த்தால் துண்டுகளுக்கு நடுவே காற்றுதான். ஒரு கப் 150 கிராம் இருந்தால் அதிகம். துருவிய மொசரெல்லா 110 கிராம் பக்கம்.

என்னிடம் பழகிய ஒருவர் கீரையும் ஃபெட்டாவும் சேர்த்துப் பூரணம் செய்தார். குறிப்பில் இருந்தது 4 கப் உதிர்த்த ஃபெட்டா. யோசிக்காமல் ஒரு கிலோவை எடைபோட்டுக் கொட்டினார். வேண்டியது 600 கிராம். சீஸ் கூடினால் ருசியும் கூடும்தானே என்று சமாதானம் வேறு! ஃபெட்டா உப்புநீரில் ஊறிய சரக்கு. போதாததற்குக் குறிப்பில் சொன்ன உப்பையும் போட்டாயிற்று. பச்சை முட்டை கலக்கும் முன் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்திருந்தால், கூடுதல் கீரை சேர்த்தாவது சரிக்கட்டியிருக்கலாம். அடுப்பிலிருந்து இறங்கிய தட்டு அப்படியே குப்பைக்குப் போனது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் கடிக்கும். 300 கிராம் ஃபெட்டா கேட்கும் குறிப்புக்கு ஒன்றேகால் கப் போட்டால், உள்ளே போவது 190 கிராம்தான். அப்புறம், பொடியாக உதிர்த்ததும் பெரிது பெரிதாகப் பிய்த்ததும் ஒரே கப்பில் ஒரே எடை வராது. அதனால் உப்புள்ள சீஸை எடைதான் போட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

ரிக்கோட்டாவை எப்போது அளப்பது

டப்பாவில் அச்சிட்டிருப்பது வடிப்பதற்கு முந்தைய எடை. துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் இறங்கி எடையும் குறையும், அளவும் குறையும். குறிப்பு ‘வடித்த ரிக்கோட்டா ஒரு கப்’ என்றால் வடித்த பிறகு அளக்க வேண்டும். முன்பே அளந்தால் நிரப்பும் கலவை பற்றாது.

காற்றேற்றிய கிரீம் சீஸ்

கட்டி கிரீம் சீஸ் ஒரு மேசைக்கரண்டி 14, 15 கிராம். ரொட்டியில் தடவ விற்கும் காற்றேற்றிய வகை 10 கிராம் பக்கம். கப்புக்குக் கப் மாற்றினால் சீஸ்கேக்கில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

திரவ அவுன்ஸ்

திரவம் அளக்கும் குடுவையில் உள்ள அவுன்ஸ் கோடு கன அளவுக்கு. எடைக்கு அல்ல.

எந்தக் கப்

அமெரிக்கக் கப் 237 மி.லி., மெட்ரிக் கப் 250 மி.லி. மூன்று கப்புக்கு 40 மி.லி. வித்தியாசம்.

குளிர்ந்த கட்டியைக் கப்பில் திணிப்பது

அடியில் காற்றுக்குழி நின்றுவிடும். உறையிலேயே எடை போட்டிருக்கும்போது கப் எதற்கு? பாதி வேண்டுமென்றால் கட்டியைக் கத்தியால் நடுவில் வெட்டுங்கள்.