ஓடிஜியைத் தேய்த்துக் கெடுக்காதீர்கள்

கேக் சுட, டோஸ்ட் போட, கிரில் செய்ய மேடையில் வைத்திருக்கிறோமே அந்தச் சின்ன மின்சார ஓவன், ஓடிஜி, அதன் உட்சுவரில் எவ்வளவு துடைத்தாலும் போகாமல் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதோடு மல்லுக்கட்டுவதை முதலில் நிறுத்துங்கள். எண்ணெய் சூட்டில் காய்ந்து இறுகி அப்படி ஆகிறது. புது இரும்பு தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் தடவிப் பழக்குகிறோமே, அங்கே நடப்பதும் இதேதான். கல்லில் வந்தால் சந்தோஷப்படுகிறோம், ஓடிஜியில் வந்தால் அசிங்கம் என்கிறோம். விரலால் தடவினால் பிசுபிசுக்காமல், சூடேற்றினால் புகையாமல் இருக்கிறவரை அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். நாம் எடுக்க வேண்டியது பிசுக்கையும் துகளையும் மட்டும்தான்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் வாங்கிய 19 லிட்டர் ஓடிஜியை ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்பி நாரும் சலவை சோடாவும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன், கடையில் பார்த்த மாதிரியே பளபளத்தது, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் மூலைக்கு மூலை துரு. பெரும்பாலான ஓடிஜிகளின் உள் தகடு அலுமினியமோ துத்தநாகமோ பூசிய இரும்பு. இந்த இரண்டு பூச்சையும் காரம் அரித்துவிடும், பூச்சு போனால் மிஞ்சுவது வெறும் தகடுதான். காஸ்டிக் சோடா கலந்து விற்கும் ஓவன் ஸ்ப்ரேக்களும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் என்பதால், அவை பெரிய அடுப்புகளோடு நிற்கட்டும். கம்பி நாரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: உதிரும் இழை மின்சாரத்தைக் கடத்தும், அது சூடேற்றும் காயிலின் முனையில் போய் உட்கார்ந்தால் ஷார்ட் ஆகும்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? பாதி வேலை நேரம் பார்ப்பதில் இருக்கிறது. சமைத்து முடித்ததும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. அரை மணி நேரம் போகட்டும். கையை உள்ளே வைத்தால் இளஞ்சூடாக இருக்கிற அந்த நேரத்தில் தெறித்த எண்ணெய் இன்னும் இளகித்தான் இருக்கும், வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பில் வந்துவிடும். அவசரப்பட்டு கொதிக்கக் கொதிக்க ஈரத்துணியை வைத்தால் ஆவி கையைச் சுடும், கதவுக் கண்ணாடி விரிசல் விடக்கூடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த முறை சூடேறும்போது அதே எண்ணெய் இறுகிப் படலமாகிவிடும். ஐந்து நிமிட வேலை இது, இதைச் செய்தால் மாதாந்திரப் போராட்டம் பெரும்பாலும் தேவைப்படாது.

அடியில் இழுத்தால் வெளியே வரும் தூள் தட்டைப் பலர் இருப்பதாகவே நினைப்பதில்லை. வாங்கி இரண்டு வருடமாக அதை ஒருமுறைகூட வெளியே எடுக்காத வீட்டைப் பார்த்திருக்கிறேன், உள்ளே கரிந்த பிரெட் தூள் மண் மாதிரி கிடந்தது. கீழ்க் காயிலுக்கு நேர் அடியில் காய்ந்த தூளும் கொழுப்பும் சேர்வது தீப்பிடிக்கத் தோதான இடம். இரண்டு மூன்று முறை சமைத்ததும் தட்டிக் கொட்டிவிடுங்கள். ஒருவேளை உள்ளே தீ பற்றினால் கதவைத் திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியே வையுங்கள், காற்று கிடைக்காமல் அடங்கும். அடங்காமல் பெருகினால் தள்ளி நின்று தீயணைப்புக்கு 101 அல்லது 112.

கழுவும் வேலையைக் குறைக்க அந்தத் தட்டிலோ அடித்தளத்திலோ அலுமினியம் ஃபாயிலை விரிக்கிறவர்கள் உண்டு. அது சூட்டைக் காயிலுக்கே திருப்பி அடிக்கும், காற்று போகும் வழியையும் அடைக்கும், காயிலில் பட்டால் ஷார்ட்டும் ஆகலாம். சிக்கன், பன்னீர் டிக்கா எல்லாம் கம்பி வலையில் வைத்துச் சுடும்போது கீழ் அடுக்கில் பேக்கிங் ட்ரேயை வைத்து அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சொட்டுகிற கொழுப்பு தண்ணீரில் விழும், புகையாது, சுவரிலும் தெறிக்காது. ஓடிஜி அழுக்காவதில் பெரும்பங்கு இந்தச் சொட்டுகளுடையதுதான், கேக்கும் பிஸ்கட்டும் பாவம், ஒன்றும் செய்வதில்லை.

மாதம் ஒருமுறையோ, கதவுக் கண்ணாடி மங்கும்போதோ ஆப்ப சோடாவை எடுங்கள். மூன்று ஸ்பூன் சோடாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர், திருநீறு குழைக்கிற மாதிரி கெட்டியாக. கண்ணாடியிலும் கறை பிடித்த இடத்திலும் மட்டும் தடவி அரை மணி நேரம் விடுங்கள், காயிலிலும் காற்றோட்டத் துளைகளிலும் படக்கூடாது. அப்புறம் ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் எடுத்துவிட்டு ஈரத்துணியால் மூன்று நான்கு தடவை துடையுங்கள். ஏன் அத்தனை தடவை என்றால், மிச்சமிருக்கும் ஆப்ப சோடா சூடானால் சலவை சோடாவாக மாறிவிடும், என் பழைய ஓடிஜியைத் தின்ற அதே சரக்கு. வெள்ளைத் தடம் தெரிந்தால் வினிகரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, பிறகு தண்ணீர்த் துணி. சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்க வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதால் அந்தத் தண்ணீரில் பெரிதாக வேலை செய்ய எதுவும் மிஞ்சாது.

கறை ரொம்பவே காய்ந்திருந்தால் சூடு தாங்கும் கிண்ணத்தில் தண்ணீரும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் போட்டு 150 டிகிரியில் 20 நிமிடம் ஓட்டி, அணைத்து, கதவைத் திறக்காமல் விடுங்கள். ஆவியில் ஊறி இளகும், வாடையும் குறையும்.

கண்ணாடியில் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள், கீல் வழியே உள்ளே இறங்கும், இரட்டைக் கண்ணாடி என்றால் நடுவில் புகுந்து நிரந்தரமாகக் கறையாகிவிடும். பிளேடால் சுரண்டுவதும் வேண்டாம், கீறல் விழுந்த கண்ணாடி சூட்டில் ஒரு நாள் மொத்தமாக உடையலாம். காலாவதியான ஏடிஎம் கார்டு இருக்குமே, அதன் ஓரம் போதும். ட்ரேக்களை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் விட்டு ஊறப்போட்டால் சரி. அலுமினிய ட்ரேயில் மட்டும் சோடா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுத்துவிடும். கறுத்ததைப் புளிச் சக்கையால் தேய்த்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

காயிலைக் கழுவவே கூடாது. ஒட்டியது அடுத்த சூட்டில் தானாக எரிந்துவிடும், ஜன்னலைத் திறந்து வைத்து 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். ஆறியபின் துகள் தொங்கினால் காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

மழைக்காலத்து வம்பு ஒன்று இருக்கிறது, கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. ஒரு மாதம் சும்மா கிடந்த ஓடிஜியைப் போட்டதும் வீட்டு ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், டிரிப் ஆகும். உலோகக் குழாய்க் காயிலுக்குள் சூடாகும் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும், முனையில் உள்ள அடைப்பு தளர்ந்திருந்தால் காற்றின் ஈரமே போதும், மின்சாரம் வெளி உடலுக்குக் கசியத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் வெறுமனே ஓட்டிவந்தால் பொடி காய்ந்தே இருக்கும். டிரிப் ஆகத் தொடங்கிவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். "ஆர்சிசிபியை விட்டுட்டு நேரா கொடுத்துப் பார்க்கலாமா" என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது.

கரப்பான் வெதுவெதுப்பும் ரொட்டித் தூளும் கிடைக்கிற இடத்தை விடாது. பின்பக்கம் நகர்த்திப் பெருக்குங்கள், பூச்சி மருந்தை உள்ளேயோ துளைகளிலோ அடிக்க வேண்டாம். முழுக்க ஆறியபின் துணியால் மூடலாம், பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கடைசியாக பிளக். 1500 வாட் ஓடிஜி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்டுக்கு அது அதிகம். பெரிய 16 ஆம்ப் சாக்கெட்டிலேயே போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் பின்னைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலோ பிளக் தொட முடியாத அளவு சுட்டாலோ சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அதை மாற்றிவிட்டு அடுத்த கேக்கைப் போடுங்கள்.