வெவ்வேறு வயதில் மூன்று பிள்ளைகள், ஒரே கூடம்: வீட்டுக்கல்விக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கும் முறை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்த பெற்றோர் பெரும்பாலும் அடுத்ததாகச் செய்வது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வயதுக்குரிய வகுப்புப் புத்தகங்களை மொத்தமாக வாங்குவதுதான். நானும் அதையே செய்தேன். அப்போது மூத்தவளுக்கு 9 வயது, நடுவில் உள்ளவனுக்கு 6, கடைக்குட்டிக்கு 4. மூவருக்கும் தனித்தனியே ஓராண்டுக்கான தொகுப்புகளைப் பெரும் செலவில் வரவழைத்தேன். வைகாசியில் வந்த பெட்டிகளில் பாதி, ஆடி பிறந்தபோதும் பிரிக்கப்படாமலே கிடந்தன. தமிழ், கணக்கு, அறிவியல் என்று ஆளுக்கு மூன்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு ஒன்பது பாடங்களை ஒருத்தியே நடத்த முடியவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ஆறு வயதுப் பையன் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசித்தான். கணக்கிலோ இருபதைத் தாண்டி எண்ணுவதற்கே தடுமாறினான். மேலட்டையில் ஒரே வகுப்பு எண்ணை அச்சிட்ட எந்தத் தொகுப்பும் அவனுக்குப் பொருந்தியிருக்காது.

அந்த ஆண்டு கற்றுக்கொண்டதை, இப்போதுதான் தொடங்கப்போகும் பெற்றோருக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில், தமிழ் பேசும் வீட்டில், நான்கிலிருந்து பத்து வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

முதல் படி: சட்டத்தையும் தேர்வையும் தெரிந்துகொள்ளுங்கள்

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை; வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, தடுக்கவுமில்லை. இதை அறிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுக்குள் பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளை பின்னாளில் சேர வரும்போது அதன் வயதுக்குரிய வகுப்பில் சேரவும், மற்ற மாணவர்களுக்கு இணையாக வருவதற்கான சிறப்புப் பயிற்சியைப் பெறவும் உரிமை அளிக்கிறது. ஆகவே வீட்டில் தொடங்கியதைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தாலும் கதவு அடைபட்டுவிடாது.

தொடர்ந்து வீட்டிலேயே படிப்பவர்கள் பெரும்பாலும் நாடுவது, 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. அங்கே பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கும். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் துறை எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வர் தேர்வு நடத்துகிறது. அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றில் எதை எழுதப்போகிறார்கள் என்பது இன்றே முடிவாக வேண்டியதில்லை. ஆனால் முதல் பெரிய தேர்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டால், நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி ஏடு தேடும் அவசரம் தானாகவே அடங்கும்.

இரண்டாம் படி: வகுப்பு எண்ணை மறந்து, நிற்கும் இடத்தைக் கண்டறியுங்கள்

புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வில் பயன்படும் சோதனைத் தாள்கள் தமிழிலும் கிடைக்கின்றன. வாசிப்புத் தாளில் எழுத்துகள், சொற்கள், நான்கு வரிகள் கொண்ட பத்தி, சற்றே நீண்ட கதை ஆகியவை இருக்கும். பத்தி ஒன்றாம் வகுப்பு அளவிலும் கதை இரண்டாம் வகுப்பு அளவிலும் அமைந்தவை. கணக்குத் தாள் எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு என்று போகும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும்.

சோதனை செய்கிறோம் என்ற தோற்றமே இல்லாமல், பாயில் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அருகில் இல்லாதபடி இதைச் செய்யுங்கள். தம்பி தடையின்றி வாசிக்கும் பத்தியில் அக்கா தடுமாறுவது வீடுகளில் நடப்பதுண்டு. அதை இன்னொரு பிள்ளையின் முன்னிலையில் வெளிப்படுத்துவது அவளுக்கு இழைக்கும் தீங்கு. முடிவுகளை ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கமாக, தேதியிட்டு எழுதி வையுங்கள். வாசிப்பில் எங்கே நிற்கிறாள், கணக்கில் எங்கே நிற்கிறாள், எத்தனை நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறாள் என்ற மூன்று குறிப்புகள் போதும்.

மூன்றாம் படி: ஏணிப் பாடம் எது, பந்திப் பாடம் எது என்று பிரியுங்கள்

எல்லாப் பாடங்களும் ஒரே தன்மை உடையவை அல்ல. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவை ஏணி போன்றவை. கீழ்ப்படியில் கால் ஊன்றாமல் மேல்படியில் ஏற முடியாது. கூட்டல் வராத பிள்ளைக்குப் பெருக்கலைக் காட்டிப் பயனில்லை. இவற்றுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் புத்தகம், தனி நேரம் வேண்டும். அறிவியல், வரலாறு, புவியியல், கதை, பாட்டு, ஓவியம் ஆகியவை பந்தி போன்றவை. எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே சமையலை, அவரவர் பசிக்கு ஏற்றபடி உண்ணலாம். மழையைப் பற்றிப் படிக்க ‘முதலில் இதைப் படித்தால்தான் அது புரியும்’ என்ற கட்டாயம் சிறுவயதில் அநேகமாக இல்லை. இந்தப் பிரிவினையைச் செய்த நாளில், அறிவியல் மூவருக்கும் ஒன்றாகி, என் ஒன்பது பாடங்கள் ஏழாகக் குறைந்தன.

வயது கலந்து படிப்பது நமக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்தார்கள். முன்னே கற்ற சட்டாம்பிள்ளை, பின்னே வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789 முதல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. 1939-இல் அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்தே பணி செய்தார். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ஐ ஒட்டி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கலந்து அமர்ந்து, அவரவர் அட்டையை எடுத்து, அவரவர் கற்றல் ஏணியில் ஏறினார்கள். மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் இருப்பதைத் தடை என்று எண்ணிக் கலங்குகிறவர்களுக்கு இந்த வரலாற்றை நான் எப்போதும் சொல்வேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூத்த பிள்ளையை முழுநேரச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடக் கூடாது. தம்பிக்கு நாளில் கால் மணி நேரம் சொல்லிக்கொடுப்பது அவளுக்கும் நல்லது. அதற்கு மேல் போனால், அவளுடைய படிப்பை எடுத்து அவனுக்குக் கொடுக்கிறோம் என்று பொருள்.

நான்காம் படி: ஏணிப் பாடங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுங்கள்

முதலில் விலையில்லாதவற்றைப் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கலாம். தொடக்க வகுப்பு நூல்கள் மூன்று பருவங்களாகப் பிரிந்திருப்பது நமக்கு வசதி. பையனுக்குக் கணக்கில் ஒன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவ நூலும், தமிழில் மூன்றாம் வகுப்பின் முதல் பருவ நூலும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்கள் செயல்பாடுகள் நிறைந்தவை. வாசித்துப் பழக, ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன.

எழுத்து அறிமுகம் பற்றி என் கருத்து ஒன்று. அகர வரிசையைப் பாட்டாகப் பாடட்டும். ஆனால் எழுதப் பழக அ, ஆ, இ என்ற வளைவு மிகுந்த எழுத்துகளில் தொடங்க வேண்டியதில்லை. ட, ப, ம என்ற மூன்றையும் புள்ளியையும் கற்றுக்கொண்ட பிள்ளை படம், மடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே சொற்களை வாசித்துவிடும். ஒரு புத்தகம் எழுத்துகளை எந்த வரிசையில் கொண்டுவருகிறது, எத்தனையாவது பக்கத்தில் பிள்ளை ஒரு முழுச் சொல்லைத் தானே வாசிக்கும் என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் வீட்டுக்கல்வித் தொகுப்புகள் பலரை ஈர்க்கின்றன. ஆங்கில ஒலிப்பு முறையைக் கற்பிக்க அவற்றில் சில நன்றாகவே உதவும். கணக்குத் தொகுப்பு வாங்குமுன் நிதானியுங்கள். அடியும் அங்குலமும், பவுண்டும் அவுன்சும், நம் பிள்ளை கையில் தொட்டிராத நாணயங்களும் பக்கம் பக்கமாக வரும். ரூபாயில் மீதி வாங்கத் தெரியாத பிள்ளைக்கு அவை பயன்படா.

நான்கு வயதுக்காரிக்கு எதையும் வாங்காதீர்கள். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும் மூன்று முதல் ஆறு வயது வரை பாடநூல் கூடாது என்றே சொல்கிறது. புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிக்கும் போட்டு முடிப்பதற்குள் அவள் எழுபது கொட்டைகளை எண்ணியிருப்பாள்.

ஐந்தாம் படி: பந்திப் பாடங்களுக்குப் புத்தகம் அல்ல, பொருள் தேடுங்கள்

இங்கே தொகுப்பு வாங்க வேண்டியதே இல்லை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, மூவருக்கும் மூன்று வேலை வையுங்கள். ஐப்பசியில் நாங்கள் எடுத்தது மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழையே தருகிறது என்பதால், பாடம் வாசலிலேயே பெய்தது. பக்கங்கள் நேராக உள்ள தட்டையடிப் புட்டியில் அளவுகோலை ஒட்டி மொட்டை மாடியில் வைத்தோம். சின்னவள் குட்டையில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்த்தாள். பையன் தினமும் காலையில் மில்லிமீட்டரைப் படித்துச் சொன்னான். மூத்தவள் அதை வரைபடமாக்கினாள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர் என்று தெரிந்ததும், எங்கள் மாடியில் விழுந்ததையெல்லாம் பிடித்திருந்தால் எத்தனை குடம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டாள்.

மார்கழியில் கோலம். ஏழு முதல் ஒன்று வரை நேர்ப்புள்ளி வைத்தால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரும். புள்ளி வைப்பது சின்னவளின் வேலை, 25 என்று கூட்டிச் சொல்வது பையனின் வேலை. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் 4, 9, 16 என்று வருவது ஏன் என்று கண்டுபிடிப்பது மூத்தவளின் வேலை. வரலாற்றுக்குக் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருக்கும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளைப் பார்த்து, மூவரும் தம் பெயரைப் பழைய சட்டித் துண்டுகளில் ஆணியால் கீறினார்கள்.

ஆறாம் படி: ஆறு வாரம் வெள்ளோட்டம் பாருங்கள்

எந்தப் புத்தகத்தையும் ஒரு பருவத்துக்கு மேல் வாங்காமல், ஆறு வாரம் நடத்திப் பாருங்கள். காலையில் மூத்தவள் தனியாகக் கணக்குப் போடும் நேரத்தில் பையனோடு வாசிப்பு. அவன் எழுதும் நேரத்தில் மூத்தவளோடு திருத்தம். சின்னவள் அருகிலேயே புளியங்கொட்டையோடு. இந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகப் பந்தி. ஆறு வார முடிவில் அந்தச் சோதனைத் தாளையே மீண்டும் கொடுத்து, பழைய பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள். பிள்ளை அழுகிறாள் என்பதற்காக மட்டும் புத்தகத்தை மாற்றாதீர்கள். முதலில் அதே புத்தகத்தில் பத்துப் பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். பின்னால் போன பிறகும் அழுகை நிற்கவில்லையென்றால் மாற்றுங்கள்.

தேதியிட்ட நோட்டையும், மாதத்துக்கு ஓரிரு எழுத்து மாதிரிகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பின்னாளில் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் தலைமை ஆசிரியரிடம் காட்ட அதுவே உங்கள் ஆதாரம். பயிற்சி ஏடுகளில் நேரடியாக எழுத விடாமல், விடைகளைத் தனி நோட்டில் எழுதப் பழக்குங்கள். மூத்தவள் முடித்த ஏடு இரண்டு ஆண்டுகளில் தம்பிக்கும், அடுத்துத் தங்கைக்கும் வேண்டியிருக்கும்.