கிளட்ச் பெடல் கீச்சிடுகிறதா? ஸ்பிரே அடிப்பதற்கு முன்னால் சத்தம் வரும் இடத்தைப் பிடியுங்கள்

கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் காலடியில் கீச் கீச் என்று சத்தம் வந்தால், முக்கால்வாசி நேரம் அது பெரிய கோளாறு இல்லை. கொஞ்சம் கிரீஸ், மிஞ்சிப்போனால் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் (அசையும் பாகம் உராயாமல் இருக்க மாட்டும் வளையம்), அவ்வளவுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை. அதைச் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "கிளட்ச்சில் சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால், கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கலாம், கிளட்ச் செட்டை மாற்றிவிடலாம் என்கிற வரைக்கும் பேச்சு போய்விடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இப்போது பெடலைக் கையால் மெதுவாக அமுக்கி, மெதுவாக விடுங்கள். இன்ஜின் ஓடாதபோதே சத்தம் வந்தால், பெடல், ஸ்பிரிங், கேபிள், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் லீவர் என்று அசைகிற ஏதோ ஓர் இடம் காய்ந்து உராய்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது மட்டும், அதுவும் பெடலை மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) மீதுதான் முதல் சந்தேகம். மிதித்தால் நின்றுபோய், காலை எடுத்ததும் திரும்ப வந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) பேரிங்கைப் பார்க்க வேண்டும். பேரிங் இரண்டும் கியர்பாக்ஸ் பக்கம் உள்ளே இருப்பவை, பெடல் பக்கம் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் சரியாகாது.

சத்தம் இன்ஜின் அணைந்திருக்கும்போதே வருகிறது என்றால், வீட்டில் யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு முதலில் பானட்டைத் திறந்து அந்தப் பக்கம் காது கொடுங்கள், அப்புறம் டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, செல்போன் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். பெடலின் மேல்முனை ஒரு போல்ட்டில் தொங்கும், அந்த போல்ட் சுழலும் இடத்தில் புஷ் இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்பிரிங், அதன் கொக்கி மாட்டியிருக்கும் துளை. காதை நம்புவதைவிட விரலை நம்பலாம்: புஷ் இருக்கும் பிராக்கெட்டின் மேல் விரலை லேசாக வைத்தால், கீச்சிடும் இடத்தில் அந்த அதிர்வு விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங்குக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள், அழுத்தமான ஸ்பிரிங், நசுக்கிவிடும். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம், அது ஏர்பேக்குக்குப் போகிற ஒயர்.

இடம் தெரிந்ததும் முதலில் துடையுங்கள். செருப்போடு வரும் மண், மழைக்காலச் சேறு, பழைய கிரீஸ் எல்லாம் சேர்ந்து கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புது கிரீஸ் வைத்தால் மண்ணும் சேர்ந்து அரைத்து புஷ்ஷைத் தின்றுவிடும். துடைத்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொஞ்சமாக வைத்து, பெடலைப் பலமுறை அமுக்கி உள்ளே இறங்கவிடுங்கள். பிளாஸ்டிக்கோ ரப்பரோ உள்ள இடத்துக்கு சிலிக்கான் கிரீஸ் நல்லது. டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் உடனே சத்தம் நிற்கும், அதனால்தான் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். ஆனால் அது துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் உள்ள மெல்லிய எண்ணெய், இந்த இடத்தில் நெடுநாள் தங்காது. தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம், நாளாக ஆக பிசுக்காகித் தூசியை இழுக்கும்.

பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, கிரீஸ் கொஞ்ச நாளுக்குத்தான் வரும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மாடலையும் வருடத்தையும் சொல்லி புஷ் வாங்கி மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கழற்றுவதற்கு முன் எது எந்தத் துளையில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

மாருதி 800, ஆல்ட்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வண்டி என்றால் கேபிளையும் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கம் கழற்றி உள்கம்பியைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நறநறவென்று வந்தாலோ, நுனியில் இழை பிரிந்திருந்தாலோ எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதுக் கேபிள் போடுங்கள். நடுரோட்டில் அறுந்தால் வண்டியை ஓரங்கட்டுவதே பெரும்பாடு. புதுசு போட்டபின் பெடலின் ஃப்ரீ ப்ளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். ஃப்ரீ ப்ளே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் வழுக்கித் தேயும்.

இன்னோவா மாதிரி ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிள் கிடையாது, பெடலில் இருந்து ஒரு கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்கு அனுப்பும் உருளை) போகும். கம்பியைப் பெடலோடு இணைக்கும் பின்னில் கீச்சினால் அங்கேயும் துளி கிரீஸ் போதும், ஆனால் சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். சாதாரண கிரீஸோ இன்ஜின் ஆயிலோ அந்த சிலிண்டரின் ரப்பர் சீலில் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். கம்பி சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையைச் சுற்றி ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில் கசிகிறது, அதை சத்தப் பிரச்சினையாக நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான்.

எல்லாம் முடிந்ததும் மூன்று பெடல்களின் ரப்பரையும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பெடலில் கால் வழுக்கினால் ஆபத்து. பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச்சில் ஸ்பிரே தெறித்திருக்கலாம், பின்னால் ஒருவரை நிற்கவைத்து பிரேக் லைட் எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இன்ஜின் அணைந்திருக்கும்போது பானட் பக்கமே சத்தம் கேட்டால், கியர்பாக்ஸ் லீவரோ உள்ளே ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கோ காய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை. அவரிடம் போகும்போது இன்ஜின் ஓடும்போது எப்படி, அணைத்தால் எப்படி, மிதிக்கும்போதா விடும்போதா என்று நீங்கள் பார்த்ததை அப்படியே சொல்லி, எதையும் கழற்றுவதற்கு முன் அவரையும் ஒருமுறை மிதித்துக் கேட்கச் சொல்லுங்கள்.