கார்த்திகைக்கு முகப்பில் பிக்ஸல் லைட்: முதலில் கரண்ட், அப்புறம்தான் கலர்

கார்த்திகை நெருங்கினால் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக்கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பிக்கும். கார்த்திகை தீபம், அதிலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு, அப்புறம் பொங்கல் என்று வரிசையாக விசேஷம் வருவதால், முகப்பில் ஒரு தடவை லைட் கட்டினால் தை மாதம் வரைக்கும் விட்டுவைக்கலாம். கடையில் கிடைக்கும் சீரியல் செட் இதற்குச் சரிப்படாது. 230 வோல்ட் நேராக மெல்லிய வயரில் ஓடுகிறது, இங்கே கார்த்திகை என்றால் அடைமழைக் காலம், ஈரக் கைப்பிடிச் சுவரில் அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய பிக்ஸல் லைட் 5 அல்லது 12 வோல்டில் ஓடுகிறது, கட்டுப்பாடும் நம் கையில்.

புதிதாக இறங்குபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது என்ன எஃபெக்ட் வரும், போனில் மாற்றலாமா என்பதுதான். அது ஒரு மாலை வேலை. செட்டிநாட்டு வீட்டில் உண்மையான பிரச்சினை நீளம். முகப்பே 60 அடி இருக்கும், அந்த நீளத்துக்கு வோல்டேஜ் குறையாமல் கரண்டைக் கொண்டுபோவதுதான் முக்கால்வாசி வேலை.

கணக்கை இப்படிப் போடுங்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும், டபிள்யூஎஸ்2811 என்ற சிப் வைத்த பிக்ஸல்கள் 50 கொண்ட சரமாக வரும், இடைவெளி பெரும்பாலும் 10 சென்டிமீட்டர். 60 அடி என்பது 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக 4 சரம், 200 பிக்ஸல். ஒரு பிக்ஸல் முழு வெள்ளையில் எரியும்போது 50-லிருந்து 60 மில்லி ஆம்ப் இழுக்கும். 5 வோல்ட் ரகமோ 12 வோல்ட் ரகமோ, இந்த ஆம்ப் கிட்டத்தட்ட ஒன்றுதான், பலர் 12 வோல்ட் என்றால் ஆம்ப் குறையும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாட் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, மிச்சம் சூடாகப் போகிறது.

அப்படியிருந்தும் நம் வீடுகளுக்கு 12 வோல்ட் ரகத்தைத்தான் சொல்வேன். 100 பிக்ஸலுக்கு 6 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 மீட்டர் தள்ளிக் கொண்டுபோனால், போக வர 20 மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வயரிலேயே போய்விடும். 5-ல் ஒன்றரை போனால் மூன்றரை. சிவப்பு எரிய 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்டுக்குப் பக்கம் வேண்டும், அதனால் நீலம் முதலில் வாடி, வாசல் பக்கம் வெள்ளையாக இருப்பது கோடியில் போய் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். 12-ல் ஒன்றரை போனால் கண்ணுக்கே தெரியாது.

200 பிக்ஸல், 12 வோல்ட், ஆளுக்கு 0.6 முதல் 0.7 வாட், மொத்தம் 130 வாட் சுமார். 230 வோல்டை 12 வோல்டாக மாற்றித் தரும் 200 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று வாங்குங்கள், எப்போதும் அதன் அளவில் 80 சதவீதத்துக்குள் ஓட்டுவதுதான் நல்லது. கரண்ட் பில் பயம் வேண்டாம், முழு வெள்ளையில் தினம் 5 மணி நேரம் எரித்தாலும் ஒரு யூனிட் ஆகாது.

கரண்டை ஒரு முனையில் மட்டும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு 100 பிக்ஸலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஜோடி வயர் இழுத்து, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு ஜோடியின் பிளஸ்ஸிலும் 7.5 ஆம்ப் கார் ஃபியூஸ் கட்டாயம், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி, ஆனால் 16 ஆம்ப் தரக்கூடிய எஸ்எம்பிஎஸ் ஷார்ட் ஆனால் மெல்லிய வயர் பற்றிக்கொள்ளும், மேலே இருப்பதோ தேக்கு உத்தரம். பிறகு இரண்டாவது எஸ்எம்பிஎஸ் சேர்த்தால் மைனஸ்களை ஒன்றாக இணைக்க வேண்டும், பிளஸ்களை இணைக்கவே கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே வைக்காதீர்கள். ஓட்டை ஓட்டையான தகரக் கூடு போட்டது மழைக்கானது இல்லை, அதை முகப்புக்கு உள்ளே ஜன்னல் ஓரம் வைத்து 12 வோல்டை மட்டும் வெளியே எடுங்கள். சில மாடலில் பக்கவாட்டில் 110/220 என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பிளக் செருகும் முன் அது 220-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உடம்புக்கு எர்த் வேண்டும். பழைய வீடுகளில் மரச்சட்டத்தில் ஓடும் வயரிங்கில் எர்த் என்பதே இல்லாமல் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றும் போட்டுவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். வெளியே வரும் வயர் ஜன்னலைத் தாண்டியதும் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கட்டுவதற்கு ஆணி, டிரில் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஒரு தடவை பெயர்ந்தால் அதே மாதிரி பூசிக்கொடுக்கக் கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கஜலட்சுமி சுதை பக்கம் போகவே போகாதீர்கள். பிவிசி பைப்பில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு பிக்ஸல்களைச் செருகி, பைப்பைக் கைப்பிடிச் சுவர் தூண்களோடு நைலான் கயிற்றால் கட்டுங்கள். அதற்கு முன் எல்லாச் சரத்தையும் வளவில் தரையிலேயே விரித்து ஒரு ராத்திரி முழுக்க எரித்துப் பாருங்கள், ஏணியில் நின்று பழுது பார்ப்பதைவிட இது மேல்.

இனி கட்டுப்பாடு. ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கன்ட்ரோலர் போர்டு ஒன்று, அதில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருள். கம்ப்யூட்டரில் யூஎஸ்பி செருகி குரோம் பிரவுசரிலிருந்தே ஏற்றிவிடலாம், புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போர்டுக்கு 12 வோல்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், 5 வோல்டாகக் குறைக்கும் சின்ன பக் கன்வெர்ட்டர் வேண்டும். போர்டின் மைனஸும் பிக்ஸலின் மைனஸும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் லைட் பேய் பிடித்த மாதிரி மினுக்கும். ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சிக்னல், பிக்ஸல் எதிர்பார்ப்பது 5, அதனால் இடையில் 74ஏஹெச்சிடி125 என்கிற லெவல் ஷிப்டர் சிப் போட்டு, முதல் பிக்ஸலை போர்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் வைத்துவிட்டால் தொல்லை வராது. சரத்தில் அம்புக்குறி போகிற திசையில்தான் டேட்டா போகும். ஒவ்வொரு பிக்ஸலும் தனக்கு வந்த 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளுகிறது, ஆகவே ஓர் இடத்துக்கு அப்பால் எல்லாம் இருட்டு என்றால் கடைசியாக எரிகிற பிக்ஸல் அல்லது அதற்கு அடுத்தது, இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி.

செட்டிங்ஸில் பிக்ஸல் எண்ணிக்கை 200, நிறத்தின் வரிசை (சிவப்பு கேட்டால் பச்சை எரிந்தால் இதை மாற்றுங்கள்), அப்புறம் கரண்ட் உச்சவரம்பு 12,000 மில்லி ஆம்ப். இந்த வரம்பை விடாதீர்கள், யாராவது போனில் பிரைட்னஸை ஏற்றிவிட்டாலும் மென்பொருளே அடக்கிவிடும்.

நம் வீட்டுச் சுவர் தடிமனுக்கு உள்கட்டில் இருக்கும் வைஃபை முகப்புக்கு எட்டாது, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்தப் போர்டுக்குத் தெரியவும் தெரியாது. பரவாயில்லை, போர்டே தனியாக ஒரு வைஃபை கொடுக்கும், போனில் அதில் சேர்ந்து 4.3.2.1 என்று அடித்தால் திரை வந்துவிடும். இன்டர்நெட் உள்ள வீட்டில் காரைக்குடிக்கு 10.07, 78.78 என்று இடத்தைக் கொடுத்தால் சூரியன் சாய்ந்ததும் தானே எரியும். இல்லாத வீட்டில் போர்டுக்கு நேரம் தெரியாது, பிளக்கில் ஒரு டைமர் ஸ்விட்ச் மாட்டி, கரண்ட் வந்ததும் எந்த பிரீசெட் (சேமித்துவைத்த எஃபெக்ட்) எரிய வேண்டும் என்று சொல்லிவைத்துவிடுங்கள். நீங்கள் சென்னைக்கோ மலேசியாவுக்கோ திரும்பிய பின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. பாட்டுக்கு ஏற்ப ஆட வைக்க எக்ஸ்லைட்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அது அடுத்த வருஷத்துக்கு.

வானவில் ஓட்டம் ஒரு நாள் நன்றாக இருக்கும். கார்த்திகை அன்றைக்கு மட்டும் எல்லா அசைவையும் நிறுத்தி, 30 சதவீத பிரைட்னஸில் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக வையுங்கள், அப்போதுதான் திண்ணையில் ஏற்றும் அகல் தெரியும். அகலுக்கும் வயருக்கும் ஓர் அடியாவது இடைவெளி இருக்கட்டும். இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தை முடிந்து கழற்றும்போது ஒவ்வொரு சரத்திலும் டேட்டா நுழைகிற முனையில் சிவப்பு டேப் ஒட்டி, எந்தச் சரம் எந்தப் பைப் என்று மார்க்கரில் எண் எழுதி வையுங்கள்.