ஊரில் மனித உரிமைப் பயிற்சி நடத்துவது எப்படி? முதல்முறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனித உரிமைப் பயிற்சி என்றாலே ஒரு ஹால், பின்னால் பிளெக்ஸ் பேனர், மைக்கில் ஒரு வக்கீல் சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பிப்பது, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் குரூப் போட்டோ. பிரியாணியைக் குறை சொல்லவில்லை, ஆம்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? ஆனால் அடுத்த வாரமே ஸ்டேஷனில் ஒரு புகாரை வாங்க மறுத்தால், வந்த ஐம்பது பேரில் ஒருவருக்காவது அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்குமா?

மனித உரிமைக் கல்வி பற்றி ஐ.நா. 2011 டிசம்பரில் ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதில் மூன்று விஷயம் சொல்கிறார்கள்: உரிமைகளைப் பற்றிக் கற்பது, எல்லோரையும் மதிக்கும் முறையில் கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பது. நாம் பெரும்பாலும் முதலாவதோடு கடையைக் கட்டிவிடுகிறோம். கீழே சொல்கிற முறை மூன்றாவதிலிருந்து தொடங்குகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: பாடத்துக்கு முன்னால் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்

அந்த ஊரில் இப்போது எரிந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு பிரச்சினை போதும். பாலாற்றங்கரை ஊர் என்றால் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவால் கெட்ட கிணற்றுத் தண்ணீர், மலை ஊர் என்றால் சாலை, செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ போகிற குடும்பங்கள் என்றால் முன்பணக் கடன். நெமிலிப் பக்கம் ஒரு மரம் வெட்டும் இடத்திலும் காஞ்சிபுரம் பக்கம் இன்னொன்றிலும் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை 2019 ஜூலையில் வருவாய்த்துறை மீட்டது, பெரும்பாலும் இருளர் பழங்குடி மக்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தது. சட்டம் வந்து நாற்பது வருஷம் தாண்டியும் ஒரு குடும்பம் ஏன் சூளையை விட்டு வெளியே வர முடியவில்லை என்று கேட்டால் பயிற்சி தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

படி 2: ஆட்களைத் தேடுங்கள், பேச்சாளர்களை அல்ல

பதினைந்திலிருந்து இருபது பேர், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரி யாரையாவது போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் ஊர் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறதோ, அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள், அவருக்கு மைக்கில் பேச வராமல் இருக்கலாம், அது பரவாயில்லை. பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர், போனில் ஸ்கேன் எடுத்து அனுப்பத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ அவசியம். கட்சிப் பொறுப்பில் இருக்கிறவர்களை ஒதுக்க வேண்டாம், ஆனால் கூட்டம் அவர்கள் கையில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இடமும் நேரமும்

ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிறு விட்டால் வேறு நாள் கிடையாது, அதிலும் காலையில் துணி துவைக்கிற வேலை இருக்கும். பீடி சுற்றுகிறவர்கள் முறத்தோடு வந்து உட்காரட்டும், கை வேலையில் இருந்தாலும் காது நம் பக்கம்தான் இருக்கும், அன்றைய கூலியும் போகாது. கோயில் வளாகம் வேண்டாம், உள்ளே வரத் தயங்குகிறவர்கள் யாராவது இருப்பார்கள். பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், இல்லையென்றால் மரத்தடி. எல்லோரும் ஒரே மட்டத்தில் வட்டமாக உட்காருங்கள், நாற்காலி இருந்தால் எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் நீங்களும் தரையில். டீ ஒரே மாதிரி கப்பில்.

படி 4: ஊர்ப் படம் வரையுங்கள்

சட்டத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்காதீர்கள். நாலு சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து ஊரை வரையச் சொல்லுங்கள். தண்ணீர் டேங்க் எங்கே, ரேஷன் கடை எங்கே, பஸ் எதுவரை வருகிறது, சுடுகாடு எங்கே, பிணத்தை எந்த வழியாக எடுத்துப் போகிறார்கள். பெண்கள் தனிப் படமும் ஆண்கள் தனிப் படமும் வரைந்தால் இன்னும் நல்லது, இரண்டும் ஒரே ஊர்தானா என்று கேட்கத் தோன்றும்.

பிண வழியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில், நிலம் வழியாகப் போக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. வரைந்த படத்தில் அப்படி ஒரு இடம் வந்தால் அங்கே சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் விழுந்த பிறகு அரசியலமைப்பை எடுங்கள்: சமத்துவத்துக்கு 14, தீண்டாமை ஒழிப்புக்கு 17, உயிர் வாழும் உரிமைக்கு 21, கட்டாய உழைப்புத் தடைக்கு 23. ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த எண் என்று அவர்களே ஒட்டட்டும். 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் ஒரே மூச்சில் படித்துக் காட்ட வேண்டாம், தூங்கிவிடுவார்கள்.

படி 5: ஸ்டேஷன் நாடகம்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர்), ஒருவர் இன்ஸ்பெக்டர், ஒருவர் புகார்தாரர், ஒருவர் கூடப் போகிறவர். ரைட்டர் வேஷத்துக்கு ஊரிலேயே குசும்பான ஆளைப் போடுங்கள். அவர் இப்படித்தான் பேசுவார்: “ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க.” “ரெண்டு குடும்பத்துத் தகராறு, பேசி முடிச்சுக்கங்க.” கடைசியாக, “சரி, எழுதிக் குடுங்க, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்.”

இந்த இடத்தில் நாடகத்தை நிறுத்துங்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டும்தான், வழக்கு அல்ல. கையில் ஒரு தாள் கிடைத்ததும் வழக்கு போட்டாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் ‘முதல்கட்ட விசாரணை’ என்று இழுக்க இடமே இல்லை, 18ஏ பிரிவு அதைச் சொல்கிறது, விசாரிப்பவரும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக் கூடாது.

இப்போது அதே நாடகத்தை மறுபடி போடுங்கள். புகார்தாரரின் குரல் மாறியிருக்கும். பிறகு ஆட்களை மாற்றி மூன்றாவது முறை, இந்தத் தடவை இதுவரை வாயே திறக்காத ஒருவர் புகார்தாரர்.

படி 6: நிஜ மனு எழுதுங்கள்

மாதிரி மனு வேண்டவே வேண்டாம். படி 1-ல் எடுத்த பிரச்சினைக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

மலை ஊர்ச் சாலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாமல் பாதி வழியில் இறக்கிவிட, தாய் சுமந்துகொண்டு நடந்தார். மலை ஊரில் சாலை கேட்டால் ‘வனத்துறை நிலம்’ என்று பதில் வரும். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் உட்பட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம் என்று இருக்கிறது, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. அப்படியானால் மனுவில் “சாலை போட்டுத் தர வேண்டுகிறேன்” என்று மொட்டையாக எழுதாமல், இந்தப் பிரிவைச் சொல்லி, கிராம சபைத் தீர்மான நகலையும் இணைக்கலாம்.

தகவல் உரிமை மனுவும் கூடவே போகட்டும். “ஏன் போடவில்லை?” என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்வியைத் தட்டிக்கழிப்பது சுலபம். தாள் கேளுங்கள்:

“எங்கள் ஊர்ச் சாலைக்காக வனத்துறைக்கு அனுப்பிய கருத்துருவின் நகல், அனுப்பிய தேதி, அதற்கு வந்த பதிலின் நகல், கோப்பு இப்போது உள்ள அலுவலகத்தின் பெயர் ஆகியவற்றை வழங்கவும்.”

பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

படி 7: நோட்டு ஒன்று போடுங்கள்

மனு கொடுத்த தேதி, ரசீது எண், வாங்கிய அலுவலகம், அடுத்த கெடு. நாலு பத்தியாகக் கோடு போட்டால் போதும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் எண் வாங்காமல் வரக் கூடாது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கிராம சபை நாட்களையும் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) குறித்து வையுங்கள். போன் எண்களும் இருக்கட்டும்: இலவச வக்கீலுக்கு 15100, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

பாதிக்கப்பட்டவர் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். கொத்தடிமை விஷயத்தில் முதலாளிக்கு முன்கூட்டியே தெரிந்தால் ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள்.

படி 8: அடுத்த ஊரை அவர்களிடம் விடுங்கள்

தூரத்து உதாரணம் தேட வேண்டாம். தோல் கழிவுக்கு எதிராக இங்குள்ள வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்’ என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது, இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பாலாறு இன்னும் சுத்தமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான் என்று அப்போதுதான் புரியும்.

இரண்டாவது அமர்வில் ஊர்ப் படத்தை அவர்களில் ஒருவர் நடத்தட்டும், மூன்றாவதில் ஸ்டேஷன் நாடகத்தை இன்னொருவர். பக்கத்து ஊருக்குப் போகும்போது நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பிரிவு எண்ணைத் தப்பாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் எழுந்து திருத்தாமல், டீ இடைவேளையில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திரும்பி வந்து அவரே திருத்திக்கொள்வார்.