ஸ்கார்பரோ குளிரில் இட்லி மாவு பொங்கியது

மன்னார்குடியில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் மாவு வழிந்துவிடும். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், ஜனவரியில், மகள் வீட்டில் 16 மணி நேரம் ஆகியும் அப்படியே கிடந்தது. வீட்டுக்குள் 20 டிகிரி. மாவு நன்றாகப் பொங்க 28 முதல் 32 வரை வேண்டும்.

முதல் தப்பு கடையிலேயே நடந்தது. ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகளில் 'சம்பா' என்றால் இலங்கையின் சிறுமணி அரிசி. நமக்கோ அது சாகுபடிப் பட்டத்தின் பெயர்! 'இட்லி அரிசி' என்று போட்ட புழுங்கலையே எடுங்கள். உளுந்து அங்கே 'உழுந்து'. தோல் நீக்கிய முழு உளுந்தாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவு வழக்கம்போல அரிசி 4க்கு உளுந்து 1, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊர் மிக்ஸியைத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே 120 வோல்ட், நம்முடையது 230. சோர்ந்து சுற்றும், அரைபடாது.

கை கொடுத்தது ஓவன்தான். அதை மூட்டக் கூடாது, உள்விளக்கை மட்டும் போட்டு மாவை வைத்துக் கதவைச் சாத்தினேன். 12 மணி நேரத்தில் பொங்கிவிட்டது. விளக்கு எல்இடி என்றால் சூடு வராது; பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்து, ஆற ஆற மாற்ற வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம்.

ஓவன் குமிழில் 'உள்ளே மாவு' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். பீட்சாவுக்காக யாராவது திருகிவிடுவார்கள்.